அயல் நாவும் ஆப்த வாக்கியமும்

பிறருடைய அந்தரங்கத்தில் நிகழ்வதை எந்தப் பிரமாணத்தைக் கொண்டு அறிகிறோம் என்பது தத்துவ சாஸ்திரத்தின் பழைய வினாக்களுள் ஒன்று. வித்வத் சபைகளின் வாதப் பொருளாகவே பெரிதும் நின்றுவிட்ட அவ்வினா, திக்கிப் பேசும் ஒருவர் தம் பாஷையை அறியாத ஒரு சிகிச்சை நிபுணரின் முன் வந்து அமரும்போது, விடை கூறியே தீரவேண்டிய நடைமுறைக் கடமையாகிவிடுகிறது. 1965ஆம் ஆண்டில் மைசூரில் தோன்றிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் போன்ற இடங்களுக்குப் பல பாஷைக்காரர்களும் வருகிறார்கள். அத்தனை பாஷைகளையும் கற்றுக் கரைகண்ட நிபுணர் ஒருவரைத் தேடிப் பிடிப்பதோ அசாத்தியம். எனவே, தாம் அறியாத பாஷையின் திக்கலை ஒருவர் எவ்வாறு மதிப்பிடுவது என்று கேட்பது, அறிவின் எல்லை யாது என்று கேட்பதே ஆகும்.

முதற் பிரமாணமாகிய பிரத்தியட்சத்தை, அதாவது நேரில் கண்டும் கேட்டும் அறிவதை, முதலில் கருதுவோம். எந்தப் பாஷை பேசுவோராயினும், முதலெழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல், ஓரொலியை இழுத்து நீட்டுதல், ஒலியே எழாமல் அடைபட்டு நிற்றல் என்பவையே திக்கலின் புறக்குறிகள். பெயர் என்ன என்று கேட்டதும் ஒருவருடைய உதடுகள் ஒன்றோடொன்று இறுகி, தாடை விறைத்து, இமைகள் மூடி, மூச்சு நின்று, பின்னர் அப்பெயர் வெடித்து வெளிப்படுமானால், அதைக் கண்டுகொள்ளப் பாஷாஞானம் வேண்டியதில்லை. ஜான் வான் போர்செல் முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பெல்ஜியத்தின் டச்சு மொழியினரும் பிரேசிலின் போர்த்துக்கீசிய மொழியினரும், தமக்குத் தெரியாத மற்றவர் மொழியில்கூடத் திக்குவோரைப் பெரும்பாலும் இனங்கண்டுகொண்டனர். கண்ணும் செவியும் கொணரும் சாட்சியம் அற்பமானதன்று.

ஆயினும் அச்சாட்சியம் விரைவிலேயே ஓர் எல்லையை எய்திவிடுகிறது. தமிழறியாத ஒருவர் நம்மவர் பேச்சைக் கேட்டு, ‘அது வந்து, வந்து’ என்று யோசிப்பதையும், ‘மெல்ல மெல்ல’ என்று அடுக்குவதையும், ‘பளபள’ என்று இரட்டிப்பதையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டால், பாஷையின் இயல்பே நோயாகிவிடும். ஆங்கிலம் மட்டும் பேசும் குழந்தைகளை வைத்து, 100 சொற்களில் 3 சொற்கள் தடைப்பட்டால் திக்கலோ என்று ஐயுறும் வழக்கம் ஏற்பட்டது. டெக்ஸாஸில் கோர்ட்னி பேர்ட் முதலியோர் ஸ்பானியமும் ஆங்கிலமும் பேசும் குழந்தைகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவின்படி, திக்காத குழந்தைகளே அந்த அளவைத் தாண்டிவிடுகிறார்கள். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. திக்குவோர் பலர், அச்சுறுத்தும் சொல் நெருங்குவதை முன்னரே உணர்ந்து, அதை விலக்கி வேறொரு சொல்லைப் பெய்து, தடையின்றிப் பேசுவதுபோலவே பேசி முடித்துவிடுவர். மாற்றிச் சொல்ல இயலாத தம் பெயரில்தான் பெரும்பாலும் அகப்பட்டுக்கொள்வர். அவ்விலக்கலை அயல்மொழியார் எங்ஙனம் அறிவார்? இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளரோ பொருளை மட்டும் திரட்டித் தந்து, தடையையெல்லாம் துடைத்துவிடுகிறார்.

கேட்பவரின் இவ்வெல்லை எங்கே விழுகிறது என்பதைக் காட்ட ஒரு பழைய பாகுபாடு உதவும். சைவ சித்தாந்திகள் வாக்கைச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்று நால்வகைப்படுத்தினர். மத்திமையாவது சொல் உள்ளத்தே உருப்பெற்று, பிறர் செவிக்கு எட்டாது நிற்கும் நிலை. வைகரி அது ஒலியாய் வெளிப்படும் நிலை. புதுப்பாஷை பயில்பவர் தயங்கும்போது, சொல் மத்திமையிலேயே இன்னும் கூடவில்லை. திக்குபவருக்கோ அது அங்கே பூரணமாய் நிற்க, வைகரியின் வாயில் அடைபட்டுக் கிடக்கிறது. வைகரி ஒன்றையே கேட்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வில்லியம் பெர்க்கின்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1990இல், தம் பேச்சின் மீதுள்ள ஆட்சியை ஒருவர் தம்மை மீறி இழப்பதே திக்கல் என்றும், அதனை உறுதியாய் அறிபவர் பேசுபவரேயன்றிக் கேட்பவர் அல்லர் என்றும் வாதித்தது இவ்வுண்மையையே சார்ந்தது.

அங்ஙனமாயின், பிரத்தியட்சமும், கண்டதிலிருந்து ஊகிக்கும் அனுமானமும் போதாதவிடத்து, மூன்றாவது பிரமாணமாகிய ஆப்த வாக்கியத்தை நாடுவதன்றி வேறு மார்க்கம் இல்லை. நியாய சூத்திரத்திற்குப் பாஷ்யம் கண்ட வாத்ஸ்யாயனர், பொருளை நேரில் உணர்ந்து, உணர்ந்தவாறே பிறர்க்கு அறிவிக்க விழைபவரே ஆப்தர் என்று கூறி, அவ்விலக்கணம் ரிஷிகளுக்கும், ஆரியருக்கும், மிலேச்சருக்கும் பொதுவென்று துணிந்தார். அயல்நாவினர் என்னும் காரணத்தால் ஒருவருடைய வாக்கு பிரமாணத்தன்மையை இழப்பதில்லை என்ற இத்தீர்ப்பைக் காட்டிலும் நம் விஷயத்திற்கு நெருங்கிய உபதேசம் வேறு இருக்க முடியாது.

இதை மறந்ததன் விளைவுக்குச் சரித்திரமே சாட்சி. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்து வெண்டல் ஜான்சன், தாமே திக்குவாயினால் வருந்தியவர். பானக், ஷோஷோனி என்னும் பூர்வகுடிகளிடையே திக்குவோரே இல்லை என்று 1944இல் எழுதி, பெற்றோர் குழந்தையின் பேச்சிற் குறைகாண்பதிலிருந்தே திக்கல் பிறக்கிறது என்ற தம் சித்தாந்தத்திற்கு அதனைத் துணையாக்கினார். அக்குடிகளிலும் திக்குவோர் உண்டு என்பதும், திக்கலைக் குறிக்கும் சொற்கள் அவர்கள் பாஷையில் உண்டு என்பதும் 1983இல் வெளியான ஆராய்ச்சியால் நிரூபணமாயின. நல்லெண்ணமும் கல்வியும் நிறைந்தவரையும் கூட, அயலாரின் வாக்கு முழுமையாய்ச் செவிக்கு எட்டாதபோது, அனுமானம் வழிதவறச் செய்துவிடுகிறது.

மூன்று வயதுக் குழந்தை தன் அந்தரங்கத்திற்கு எப்படிச் சாட்சி கூறும், நாணத்தால் மறைப்பவரிடம் ஆப்தத் தன்மையை எப்படி நாடுவது என்று ஆட்சேபிக்கலாம். குழந்தையின் பொருட்டு, இரவும் பகலும் அதன் பேச்சைக் கேட்கும் தாயும் பாட்டியும் இருக்கிறார்கள். வீட்டில் பேசும் பாஷையிலும் இப்படித்தானா என்று அவர்களைக் கேட்பதே பாதி மருத்துவம், ஏனெனில் உண்மையான திக்கல் பொதுவாக ஒருவர் பேசும் எல்லாப் பாஷைகளிலும் தலைகாட்டும். நாணம் கொண்டவரின் வாக்கு வெளிவர, முதலில் நம்பப்படுவோம் என்னும் தைரியம் அவருக்கு வேண்டும். விவிலியத்தின் யாத்திராகமத்தில் மோசே தம் நா மந்தமானது என்று முறையிட்டபோது, ஆண்டவர் அதைப் பொய்யென்று தள்ளவில்லை. மோசேயின் தமையன் ஆரோனைத் துணைநாவாய் அளித்தார்.

ஆகவே, பேச்சைப் பதிவுசெய்து அப்பாஷையினர் ஒருவருடன் அமர்ந்து திரும்பக் கேட்பதும், இது உங்கள் பாஷையின் வழக்கமா, இவருடைய தடையா என்று ஒவ்வோரிடத்திலும் வினவுவதும் நிபுணரின் தர்மம். முடிவை எழுதும்போது, நான் கண்டது இது, ஊகித்தது இது, அவரும் அவர் வீட்டாரும் சொன்னது இது என்று மூன்றையும் கலவாமல் பிரித்தெழுதுவாராக. மூன்றும் முரண்படுமிடத்தில் தீர்ப்பை ஒத்திவைத்து மீண்டும் அழைத்துக் கேட்கும் பொறுமையை இழக்கலாகாது; அவசரத்தில் எழுதிய ஒரு வரியைச் சுமந்து வளரப்போவது ஒரு குழந்தையின் வாழ்வு.