விருந்தினரும் வீட்டுக்காரரும்

ஒரு வீட்டுக்கு விருந்தாகப் போகிறோம். நாம் போவதனாலேயே அந்த வீட்டுக்காரர் அங்கு குடியிருக்க முடியாமல் வெளியேற நேர்ந்தால், அதை விருந்து என்று சொல்லலாமா? சில காலமாக என் மனதைக் குடைந்துவரும் இக்கேள்வியை எமது சங்கக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2024 ஜூலையில் ஒரு சனிக்கிழமை, மிலானோவிலுள்ள மைத்துனர் வீட்டிலிருந்து வெனிஸ் நகரைப் பார்க்கக் குடும்பமாகப் புறப்பட்டோம். கூட்டம் மிகுந்த நாட்களில் பகலில் வந்து திரும்புவோரிடம் தலைக்கு 5 யூரோ அறவிடும் முறையை அந்நகரசபை அவ்வாண்டு ஏப்ரல் 25ஆம் திகதி ஆரம்பித்திருந்தது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. எங்கள் மூவருக்கு 15 யூரோ. சின்ன மகளுக்கு இலவசம். நான் பணம் செலுத்துவதைப் பார்த்த மைத்துனர், "என்ன அத்தான், ஒரு ஊரைப் பார்க்கிறதுக்கும் காசோ? இதென்ன மிருகக்காட்சிச் சாலையோ?" என்றார். எனக்கும் அது நியாயமான கேள்வியாகவே பட்டது.

றியால்டோ பாலத்துக்கு அருகில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. அந்தப் பழைய நகரில் எத்தனை பேர் நிரந்தரமாக வாழ்கிறார்கள் என்று காட்டும் மின்பலகை ஒன்றை 2008ஆம் ஆண்டு அதன் கண்ணாடிச் சாளரத்தில் வைத்தார்கள். 1951இல் ஏறக்குறைய 175,000 பேர் வாழ்ந்த இடம் அது. 2022இல் அத்தொகை 50,000க்குக் கீழே இறங்கிவிட்டது. 2023இல் உல்லாசப் பயணிகளுக்கான படுக்கைகளின் தொகை குடிமக்களின் தொகையை மிஞ்சிவிட்டதாக உள்ளூர்ச் சங்கங்கள் கணக்கிட்டன.

காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதல்ல. ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைவிடப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் வீட்டுச் சொந்தக்காரருக்கு வருமானம் அதிகம். குடும்பங்கள் போனபின் பாண் விற்ற கடைக்கு ஆளில்லை. அவ்விடத்தில் முகமூடியும் கண்ணாடிப் பொருளும் விற்கிறார்கள். நகரில் வேலை செய்யும் பலர் இரவில் பெருநிலத்திலுள்ள மெஸ்த்ரேக்குப் போய்த்தான் உறங்குகிறார்கள்.

கணக்குப் பதிவையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். வியாபாரி ஒருவர் மூலதனத்தை எடுத்துச் செலவழித்துவிட்டு அதை இலாபம் என்று ஏட்டில் எழுதினால் நாம் கையொப்பமிடமாட்டோம். ஒரு நகரத்தின் மூலதனம் அதன் கல்லும் கட்டடமும் மட்டுமல்ல. அங்கே பிறந்து, சண்டை பிடித்து, சமைத்து, வாழும் மக்களே. கட்டணப் பணம் தேய்ந்த படிகளைத் திருத்த உதவலாம். 2024இல் கட்டணம் அறவிட்ட 29 நாட்களில் ஏறக்குறைய 24 இலட்சம் யூரோ சேர்ந்தது. ஆனால் வெளியேறிய ஒரு குடும்பத்தை அப்பணம் திரும்பக் கொண்டுவரவில்லை. ஆகவே மைத்துனரின் கேள்விக்கு என் பதில் இது: கட்டணம் கேட்பது தவறல்ல, கட்டணம் கட்டியதோடு எம் கடன் தீர்ந்தது என்று எண்ணுவதே தவறு.

பார்சலோனா நகரம் வேரிலேயே கைவைத்தது. பயணிகளுக்கு விடப்படும் 10,000க்கும் அதிகமான வீடுகளின் அனுமதிப்பத்திரங்களை 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிப்பதில்லை என்று 2024 ஜூனில் அதன் மேயர் அறிவித்தார். இதனால் வருமானம் இழப்போரும் உண்டு. எனினும் வீடு முதலில் குடியிருப்பவனுக்கு என்ற நியாயம் அதில் இருக்கிறது.

இந்த விடயம் என்னை ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று யோசித்தேன். வலிகாமம் வடக்கில் எங்கள் ஊர் 1990இல் வெறுமையானபோது எனக்குப் பத்து வயது. வீடு இருந்தது, கிணறு இருந்தது; ஊர் இருக்கவில்லை. எங்களை விரட்டியது யுத்தம். வெனிஸ் மக்களை யாரும் ஆயுதம் காட்டி விரட்டவில்லை. இரண்டையும் சமமென்று சொல்லமாட்டேன். ஆனால் ஆளில்லாத ஊர் எப்படியிருக்கும் என்று அறிந்த நாம், இன்னோர் ஊர் வெறுமையாவதில் சிறு பங்காளியாகவேனும் இருக்கலாமா?

அன்று நாங்கள் கட்டுச்சோற்றைச் சாப்பிட்டு, படம் எடுத்து, மாலையே திரும்பினோம். அந்த ஊருக்கு நான் விட்டுவந்தது 15 யூரோவும் ஒரு பை குப்பையும்தான்.

பயணமே வேண்டாம் என்பது என் கருத்தல்ல. பயணிகளை நம்பி உழைத்து வாழ்வோர் எங்கும் இருக்கிறார்கள். எமது பிள்ளைகளும் உலகைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எமது கோடைச் சுற்றுலாக்களில் மூன்று நாளில் ஐந்து நகரம் என்று ஓடுவதைவிட, கூட்டம் குறைந்த மாதத்தில் ஒரே ஊரில், குடும்பம் வாழவேண்டிய வீட்டில் அல்லாமல் முறையான விடுதியில் தங்கி, அவ்வூரார் வாங்கும் கடையில் பாண் வாங்கிப் பார்ப்போமே. செலவு கூடும், உண்மைதான். அப்படியானால் வருடாவருடம் போவதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆக்கிக்கொள்வோம்.

வீட்டுக்காரர் இருந்தால்தானே அது விருந்து!