சொன்னதைத்தான் செய்தேன்

லினக்ஸ் பழகத் தொடங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு விசித்திரமான நிலைக்கு வந்துவிடுகிறார்கள். கையேடு ஒரு வரியைக் கொடுக்கிறது. அதை டெர்மினலில் அடித்து என்டர் தட்டினால் வேலை முடிகிறது. என்ன நடந்தது என்று கேட்டால் பதில் இல்லை. நடந்துடுச்சு, அவ்வளவுதான். இதைக் கற்றல் என்பதா, கீழ்ப்படிதல் என்பதா?

‘புரியாமல் செய்யாதே’ என்று உபதேசிப்பது சுலபம். புரிந்த பிறகுதான் இறங்குவேன் என்று கரையில் உட்கார்ந்தால் யாருக்கும் நீச்சல் வராது. தத்துவவாதி கில்பர்ட் ரைல் 1949இல் வெளியான தன் நூலில் இதைப் பேசுகிறார். ஒன்றைப் பற்றித் தெரிந்திருப்பது வேறு, அதைச் செய்யத் தெரிந்திருப்பது வேறு; செய்யும் திறனை வெறும் தகவல் அறிவாகச் சுருக்கிவிட முடியாது என்பது அவர் வாதம். அப்படியானால் கையேட்டைப் பார்த்து அடித்து அடித்தே கற்கலாமே?

கற்கலாம்தான். ஆனால் ஒரு சிக்கல். தண்ணீர் பதில் சொல்லும். கையைத் தப்பாக வீசினால் மூக்கில் ஏறும். யூனிக்ஸ் மரபில் வந்த கட்டளைகள் பெரும்பாலும் வேலை முடிந்தால் பேசாமல் இருந்துவிடும். கோப்பை அழிக்கும் ‘ஆர்எம்’ எதையும் குப்பைத்தொட்டியில் எடுத்து வைக்காது. வேண்டாத கோப்பை அழித்தாலும் அம்மாவின் புகைப்படங்களை அழித்தாலும் அதே மௌனம். தப்பு செய்தது தெரிந்தால்தானே பழக்கம் பாடமாகும்?

கேள்வி அறம் சார்ந்ததாவது இங்கேதான். நிர்வாகியின் அதிகாரத்தைத் தற்காலிகமாகக் கையில் தருகிற ‘சூடோ’ 1980 வாக்கில் அமெரிக்காவில், பஃபலோ நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் எழுதப்பட்டது. அது வழக்கமாகக் கேட்பது, கட்டளையை அடிக்கிறவரின் சொந்த பாஸ்வேர்டை. கையேடு எழுதியவர் எங்கோ இருக்கிறார், கையெழுத்து உங்களுடையது. படிக்காத பத்திரத்தில் போட்டாலும் கையெழுத்து கையெழுத்துதான்.

அதற்காக எல்லாவற்றையும் புரிந்துகொண்டுதான் ஆக வேண்டுமா? லினக்ஸின் கர்னல் மட்டுமே சில கோடி வரிகள். அதை முழுதாகத் தலையில் வைத்திருக்கும் மனிதர் யாரும் இல்லை. நம்பாமல் எவரும் கணினியைத் தொட முடியாது. ஆகவே நம்மிடம் கேட்கப்படுவது முழு அறிவு இல்லை, அதைவிடச் சின்ன ஒன்று: என்டர் தட்டுவதற்கு முன் ‘இதில் எது போகும், போனால் திரும்பி வருமா?’ என்ற இரண்டு கேள்விகள். விடை தெரியாவிட்டால் ‘மேன்’ என்று அடித்து, பக்கத்தில் கட்டளையின் பெயரையும் அடித்தால் போதும். விளக்கம் அங்கேயே இருக்கிறது.

கையேட்டுக்கும் கடமை உண்டு. 1971இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய முதல் யூனிக்ஸ் கையேட்டில், கட்டளைகளின் விளக்கத்தோடு அவற்றில் தெரிந்த குறைகளைச் சொல்லவும் ஒரு பகுதி இருந்தது. தான் எங்கே சறுக்கும் என்று முன்கூட்டியே சொல்கிற கையேடு, வாசகரை வேலையாளாக நடத்துவதில்லை, பொறுப்புள்ள ஆளாக நடத்துகிறது.

அப்படிச் சொல்லியும் படிக்காமல் தட்டியவர், அப்புறம் ‘சொன்னதைத்தான் செய்தேன்’ என்றால் அது விளக்கமாகலாம். விடுதலை ஆகாது.