ஆவூர்க் கோயிலும் ஆண்டுக் கணக்கும்

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரில் பழைய கத்தோலிக்கக் கோயில் ஒன்று இருக்கிறது. வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர். ஈஸ்டர் பாஸ்காவையும் தேரையும் பார்க்க எல்லாச் சமயத்தாரும் அங்கே கூடுவார்கள். அங்குள்ள பழைய ஆலயத்தை 1547இல் பூசே அடிகளார் கட்டினார் என்று சுற்றுலாக் குறிப்புகள் சொல்கின்றன.

பூசே பிரான்சில் 1655இல் பிறந்தவர். அவர் உழைத்த, சேசு சபையின் மதுரை மிஷன் தொடங்கியதே, ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்த 1606இல்தான். பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்பே ஒருவர் கோயில் கட்டியிருக்க முடியாது. இதைக் காணப் பெரிய படிப்பு வேண்டாம். இரண்டு ஆண்டுகளையும் அருகருகே எழுதிப் பார்க்கும் பொறுமை போதும். அந்தப் பொறுமை இல்லாமல்தான் ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்தெழுதுகிறார்.

“ஆண்டு தவறு, ஆகவே பூசே கட்டியதும் கட்டுக்கதை” என்று துள்ளுவதும் அதே அவசரம்தான். அந்த ஆண்டும் அந்த ஆளும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது, இவ்வளவே நிறுவப்பட்டது. எது பிழை என்று அறியச் சேசு சபையாரின் கடிதங்களுக்குப் போக வேண்டும். பூசே எழுதிய கடிதங்களே அச்சில் உள்ளன.

கிறிஸ்தவத்தின் தொடக்கக் காலத்தைப் படிக்க விரும்பும் இளைஞர்கள் முதலில் கொஞ்சம் தருக்கம் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அது நமக்கு அந்நியமான கல்வி அல்ல. மணிமேகலையின் 29ஆம் காதை அனுமானத்தின் உறுப்புகளையும் அதில் நேரும் போலிகளையும் வகைபிரித்துக் காட்டுகிறது. சித்தன்னவாசலில் தவம் செய்த சமணர்களின் மரபில்தான் நீலகேசி என்னும் வாத நூலும் எழுந்தது.

புனித தோமா இந்தியா வந்தாரா என்ற கேள்விக்கு வருவோம். அவருடைய இந்தியப் பயணத்தைக் கூறும் ‘தோமாவின் பணிகள்’ என்ற நூல் 3ஆம் நூற்றாண்டில், சிரியாக் மொழி வழங்கிய நாட்டில் தோன்றியது. அதில் வரும் குண்டபோரஸ் மன்னனைக் கற்பனை என்றே பலர் நினைத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியப் பகுதியில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. உடனே, “மன்னன் உண்மை, ஆகவே தோமா வந்ததும் உண்மை” என்றனர் சிலர். மழை பெய்தால் கண்மாய் நிறையும். ஆனால் நிறைந்த கண்மாயைக் கண்டதும் மழை பெய்தது என்று அறந்தாங்கிப் பக்கத்து விவசாயி சொல்ல மாட்டார். கல்லணைக் கால்வாய்த் தண்ணீரும் வந்திருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். நாணயம் காட்டுவது, அந்தக் கதை மெய்யான ஒரு பெயரைக் காத்து வைத்திருந்தது என்பதை மட்டுமே. தோமா வரவில்லை என்பதற்கும் அது சான்றாகாது.

இப்படி அளந்து பேசுவது விசுவாசக் குறைவு என்று சிலர் வருந்துகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நாம் கைகூப்பி வணங்குவதைப் பற்றித் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வதுதான் அவமரியாதை. பிறர் சமயக் கதைகளைத் துருவிக் கேட்டுவிட்டு நம் கதையை மட்டும் கேளாமல் விடுவது அநீதியும்கூட.

மறைக்கல்வி நடத்தும் ஆசிரியர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு புனிதரின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அது முதன்முதலில் எந்த நூற்றாண்டு நூலில் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.