வீரராகவன் என்ற பெயர்

ஊருக்கு ஊர் ஒரு பெயர் விளையும். பழனிப் பக்கம் தண்டபாணி, திருச்செந்தூர்ப் பக்கம் செந்தில், சிதம்பரத்தைச் சுற்றி நடராஜன். திருவள்ளூர்ச் சீமையில் வீரராகவன். வடக்கே கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் என்று ஆந்திர எல்லையை நெருங்க நெருங்க அதே பெயர் வீரராகவுலு, வீரராகவய்யா என்று தெலுங்கு நாக்கில் வளைந்துகொள்ளும். ஆச்சாரியார், முதலியார், ரெட்டி, நாயுடு என்று எந்தப் பட்டமும் அதன் பின்னால் வந்து ஒட்டியிருக்கிறது. ஒரு சாதிக்கு மட்டும் சொந்தமாகாத பெயர் என்பதே அதன்மேல் எனக்குள்ள முதல் பிரியம்.

*

பொருள் சொல்வது எளிது. ரகு சூரிய குலத்து அரசன். அவன் வழியில் வந்தவன் ராகவன். முன்னால் வீரத்தைச் சேர்த்தால் வீரராகவன். கேட்டவுடன் வில்லை ஊன்றி நிற்கும் ராமன்தான் மனத்தில் வருவான்.

திருவள்ளூர்க் கோயிலுக்குள் போய்ப் பாருங்கள். வீரராகவப் பெருமாள் அங்கே நிற்கவில்லை. வில் இல்லை, அம்பு இல்லை. பாம்பணையில் படுத்திருக்கிறார். வலக்கை சாலிஹோத்ர முனிவரின் தலைமேல் இருக்கிறது. இடக்கை பிரம்மனுக்கு உபதேசம் சொல்லும் பாவனையில் இருக்கிறது. பெயரில் இருக்கும் வீரத்துக்கும் படுக்கையில் இருக்கும் சாந்தத்துக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள்.

*

தலபுராணம் சொல்லும் கதை இது. சாலிஹோத்ர முனிவர் இந்தத் தீர்த்தக் கரையில் ஓராண்டு உபவாசம் இருந்தார். தை அமாவாசையன்று நீராடி, மாவு இடித்து, பெருமாளுக்குப் படைத்து, ஒரு பங்கை அதிதிக்கென்று எடுத்துவைத்துக் காத்திருந்தார். கிழவர் ஒருவர் வந்தார். அவருக்கு வைத்த பங்கைச் சாப்பிட்டும் பசி தீரவில்லை. முனிவர் தம் பங்கையும் கொடுத்தார். தமக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மறுபடியும் ஓராண்டு உபவாசம், மறுபடியும் அதே கிழவர், அதே பசி. உண்ட களைப்பில் அவர் கேட்டார், படுக்க எந்த இடம் என்று. முனிவர் தம் குடிலைக் காட்டினார். படுத்தவர் பெருமாள்.

எந்த உள் என்று கேட்டதால் ஊர் எவ்வுள் ஆயிற்று, திருவெவ்வுள் ஆயிற்று. அதுவே நாளடைவில் திருவள்ளூர் என்கிறார்கள். ஊர்ப்பெயரே ஒரு விருந்தாளியின் கேள்வியாக இருப்பது வேறு எங்கும் எனக்குத் தென்பட்டதில்லை. தன் பசியை அடக்கிக்கொண்டு, வந்தவன் பசியைத் தீர்த்தவனுக்கு முன்னால்தான் அந்தத் தெய்வம் கையை நீட்டியது. கதையில் யார் வீரன் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டும் தட்டை எடுத்து நீட்டிய முனிவர்தான் என்று படுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வடமொழியில் குதிரை வைத்திய நூலை இயற்றியவராகச் சொல்லப்படும் முனிவரின் பெயரும் சாலிஹோத்ரர்தான். இருவரும் ஒருவரா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. வைத்தியத்தோடு சேர்ந்த பெயர் ஒன்று இந்தப் பெருமாளின் கைக்கடியில் இருப்பது மட்டும் மனத்தில் நிற்கிறது.

*

108 திவ்ய தேசங்களில், தொண்டை நாட்டுப் பதிகளில் ஒன்று இது. திருமழிசை ஆழ்வாரும் திருமங்கை ஆழ்வாரும் பாடியிருக்கிறார்கள். திருமழிசை ஆழ்வாருக்கு இது பக்கத்து ஊர். அவருடைய திருமழிசையும் இந்தத் திருவள்ளூரும் இன்றைக்கும் ஒரே மாவட்டம்.

திருமங்கை ஆழ்வார் பெரிய திருமொழியில் இந்த ஊருக்கு ஒரு பதிகம் தந்திருக்கிறார். அதன் முதல் பாட்டு இலங்கையில் தொடங்குகிறது. வேடம் போட்டுக்கொண்டு சீதையைக் கவர்ந்தவனுடைய ஊரை அழித்த ராமனைச் சொல்லி, அவனே எவ்வுளில் கிடக்கிறான் என்று முடிக்கிறார். 8ஆம் நூற்றாண்டுக் கவிஞர் அவர். போர்க்களத்து ராமனையும் சயனக் கோலத்தையும் ஒரே பாட்டுக்குள் அன்றைக்கே சேர்த்துக் கட்டிவிட்டார். செய்ய வேண்டியதைச் செய்து முடித்தவன் வந்து படுத்திருக்கும் இடம் என்று அந்தப் பாட்டை நான் வாசித்துக்கொள்கிறேன். அப்படி வாசித்தால் வீரராகவன் என்ற பெயருக்கும் பாம்பணைக்கும் நடுவே பிணக்கு இல்லை.

*

மக்கள் இந்தப் பெருமாளைக் கூப்பிடும் பெயர் வைத்திய வீரராகவர். குளத்தின் பெயர் ஹ்ருத்தாபநாசினி. நெஞ்சின் தாபத்தை, செய்த பாவத்தை அழிக்கும் தீர்த்தம் என்று விளக்கம் சொல்வார்கள். கட்டி, மரு, தோல் நோய் என்று உடம்பில் எது வந்தாலும் வேண்டிக்கொண்டு, குளத்தில் வெல்லம் கரைப்பது வழக்கம். வெல்லம் கரைவதுபோல நோய் கரைய வேண்டும் என்பது வேண்டுதல். மூன்று அமாவாசை தொடர்ந்து வந்து சேவிப்பதாக நேர்ந்துகொள்பவர்கள் உண்டு. தை அமாவாசைக்கு முதல் நாள் இரவே வந்து கோயிலைச் சுற்றித் துணி விரித்துப் படுத்துவிடுவார்கள். படுக்க எந்த இடம் என்று அவர்களும்தான் கேட்டு வருகிறார்கள்.

வள்ளலாரும் இங்கே வந்து வீரராகவரைப் போற்றி ஒரு பஞ்சகம் பாடியிருக்கிறார்.

இந்தச் சீமையில் பெயர் பரவியது நோய்க்கு நேர்ந்துகொள்ளும் இந்த வழக்கத்தின் வழியாகத்தான். புராணம் படித்து ராகவன் என்று வைத்தவர்கள் சிலராக இருக்கலாம். குழந்தைக்கு மாந்தம், தாய்க்குப் பிரசவக் கஷ்டம், வீட்டுப் பெரியவருக்குத் தீராத வயிற்றுவலி என்று ஏதோ ஒன்றுக்கு நேர்ந்துகொண்டு, நல்லபடியாக ஆனதும் பிறந்த பிள்ளைக்கு இந்தப் பெயரை வைத்தவர்களே அதிகம். புண்ணியாகவாசனத்தன்று தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் எழுதி, குழந்தையின் காதில் மெல்லச் சொன்ன பெயருக்குள் ஒரு நோயும் அது தீர்ந்த நாளும் இருக்கும். வீட்டுக்குள் அந்தக் கதை தெரியும். வெளியே வெறும் பெயர்தான் தெரியும்.

பிறகு அது தாத்தா பெயர் பேரனுக்கு என்று இறங்கியது. மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் பேரனை ராகவா என்றும் கூப்பிட முடியாமல், குட்டி, அம்பி, ராஜா என்று ஏதாவது சொல்லித் தாய்மார் வளர்த்த வீடுகள் எத்தனை! தன் பிள்ளையின் பெயரைத் தன் வாயால் சொல்லாமலே ஆயுளைக் கழித்த பெண்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

*

இந்தப் பெயரோடு தமிழ்நாடு மறக்கக்கூடாத இருவர் இருந்திருக்கிறார்கள்.

ஒருவர் 17ஆம் நூற்றாண்டின் அந்தகக்கவி வீரராகவ முதலியார். தொண்டை நாட்டுக்காரர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். முதுகில் விரலால் எழுதிக் காட்ட எழுத்தைக் கற்றார் என்று சொல்வார்கள். சேயூர் முருகன் பிள்ளைத்தமிழும் திருக்கழுக்குன்ற மாலையும் அவர் பாடியவை. மற்றவர் பச்சையப்பன் கல்லூரியில் ஆசிரியராக இருந்த எம். வீரராகவாச்சாரியார். 1878 செப்டம்பரில் ஜி. சுப்பிரமணிய ஐயரோடும் மற்ற இளைஞர்களோடும் சேர்ந்து ‘தி இந்து’ பத்திரிகையைத் தொடங்கியவர். 1898இல் சுப்பிரமணிய ஐயர் விலகிய பிறகும் பத்திரிகையைக் கடனோடு தாமே தாங்கி நடத்தி, 1905இல் கஸ்தூரிரங்க ஐயங்காரிடம் ஒப்படைத்தார்.

இருவரும் வாள் எடுத்தவர்கள் அல்லர். ஒருவர் இருட்டைத் தாங்கினார், ஒருவர் கடனைத் தாங்கினார்.

*

இந்தப் பெயரை இன்றைக்குக் கேட்க ஓரிடம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. உருக்காலை, வார்ப்பட ஆலை, இரும்புக் கம்பி உருட்டும் ஆலை. திருவள்ளூர் இருப்பது அரக்கோணம் மார்க்கத்தில், கும்மிடிப்பூண்டி இருப்பது கூடூர் மார்க்கத்தில். ஒரே மாவட்டம்தான், ஆனாலும் ரயிலில் போவதென்றால் பேசின் பிரிட்ஜ் வரை வந்துதான் மாற வேண்டும்.  

ஆலை வாசலில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பெயர்களைக் கேட்டுக்கொண்டு நின்றால், காலத்தையே கேட்கலாம். ஓய்வு பெறும் வயதில் இருப்பவர்கள் வீரராகவன், வேங்கடேசன், ஏழுமலை. நடு வயதுக்காரர்கள் ரவி, சுரேஷ், குமார். இளைஞர்கள் தினேஷ், விக்னேஷ். ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளில் ராகவ் என்று ஒருவன் இருப்பான். அடையாள அட்டையில் வீரராகவன் முழுதாக அடங்காது, வீரா என்று நின்றுவிடும். சக தொழிலாளிகள் ‘வீரா அண்ணே’ என்கிறார்கள். ராகவ் என்பவனும் ‘வீரா அண்ணா’ என்றுதான் கூப்பிடுகிறான். ஒரே பெயரின் இரண்டு பாதிகள் ஒரே உலைக்கு முன்னால் நிற்கின்றன. இருவருக்கும் அது தெரிந்திருக்காது.

இப்போது பிறக்கும் பிள்ளைகளுக்கு வீரராகவன் என்று வைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். நீளமான பெயர், பள்ளியில் கேலி செய்வார்கள், வெளிநாடு போனால் வாயில் நுழையாது என்று காரணம் சொல்கிறார்கள். சின்னப் பெயராகவும் எண் சோதிடத்துக்குப் பொருந்துவதாகவும் தேடுகிறார்கள். அதில் எனக்குக் கோபமில்லை. ராகவ் என்றோ ரகு என்றோ வைத்தாலும் வேர் அதுவேதான். ஆனால் பெயரோடு சேர்ந்து அந்த வீட்டின் நோய்க்கதையும் நேர்த்திக்கடனும் போய்விடுகின்றனவே, அதுதான் என் கவலை. நம் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு எழுதிவைத்த சரித்திரம் கிடையாது. பெயர்தான் சரித்திரம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ வீரராகவன் என்று ஒரு பெரியவர் இருந்தால், அந்தப் பெயர் அவருக்கு ஏன் வந்தது, யாருடைய உடம்புக்காக யார் நேர்ந்துகொண்டார்கள் என்று கேளுங்கள். கேட்டதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வரும் தை அமாவாசைக்குள் செய்துவிடுங்கள்.