செயற்கைக் கலமும் உயிரும்

ஒல்லாந்து நாட்டு டெல்ஃப்ட் நகர ஆய்வாளர், உயிரணுவை யொத்த நுண்கலங்களை ஆக்கும் முறையொன்றை 2016-இல் வெளியிட்டனர். மயிரிழையளவான கால்வாய்களில், உள்ளும் புறமும் நீர் நிற்க, இடையே கொழுப்புக் கரைந்த ஆக்டனால் என்னுந் திரவம் படலமாகின்றது. சில நிமிடங்களில் அத்திரவம் துளியாய்ப் பிரிந்து நீங்க, கொழுப்பு ஈரடுக்குச் சவ்வாய் எஞ்சுகின்றது.

இதுகண்டு, உயிரும் பூதச் சேர்க்கையே யென உலகாயதர் மகிழ்வர். சைவருட் சிலர் அஞ்சுவர். இரண்டும் வேண்டா. குடத்திற்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். ஈண்டு மண் போல்வது கொழுப்பு. திரிகை போல்வது கால்வாய். குயவர் போல்வார் ஆய்வாளர். ஆக்கப்பட்டது கூடேயன்றி உயிரன்று. உயிர் அநாதியாகலின், இறைவனும் அதனைப் படைத்திலன்; அதற்குத் தனு கரணங்களையே கூட்டுவிக்கின்றான்.

நாளை அக்கலம் தானே உண்டு வளர்ந்து பெருகுமாயின் என்செய்வது? அப்பொழுதும் உயிர் ஆக்கப்பட்டதாகாது. வினைவயத்தால் ஓருயிர் ஆங்கு வந்து பொருந்திற்றென்றே கொள்ளல் வேண்டும். ஆயின், அன்றுதொட்டு அதனை உடைத்தல் குடமுடைத்தல் போலாகாது. ஆகலின், அன்பர்காள், ஆராயத்தக்கது மனிதன் உயிரைப் படைப்பனோ என்பதன்று. தானமைத்த உடம்பில் உயிர் வந்து தங்கின் அதன்பால் இரங்குவனோ என்பதேயாம்.