முழுநேர ஊழியம் எது?

இறைவனுக்காகவே வாழ விரும்பும் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. நாளெல்லாம் அலுவலகத்தில் உழைப்பவன் எஞ்சிய நேரத்தை மட்டும்தானே இறைவனுக்குத் தருகிறான். வேலையைத் துறந்தவன் அல்லவா முழுவதையும் தருகிறான்? கிறிஸ்தவர்களிடையே வழங்கும் 'முழுநேர ஊழியம்' என்ற சொல் இந்த எண்ணத்திலேயே வேரூன்றியுள்ளது.

புனித பவுல் கொரிந்து நகரில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியருடன் தங்கிக் கூடாரத் தொழில் செய்தார். நற்செய்தியை அறிவிப்பவர்கள் அதனால் பிழைக்க உரிமை உடையவர்கள் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் வாதிடுபவரும் அவரே; அந்த உரிமையைத் தாம் பயன்படுத்தவில்லை என்று கூறுபவரும் அவரே. அப்படியானால், கூடாரம் தைத்த நேரத்தில் அவர் அப்போஸ்தலராக இல்லாமல் போனாரா?

இதே கேள்வி வங்காளத்திலும் எழுந்தது. இங்கிலாந்தில் செருப்புத் தைத்து வாழ்ந்த வில்லியம் கேரி 1793-இல் கல்கத்தாவுக்கு வந்தார். கையிலிருந்த பொருள் கரைந்துபோகவே, மறு ஆண்டு முத்னாபாட்டியில் அவுரித் தொழிற்சாலையின் மேலாளரானார். உலகத் தொழிலில் அவர் சிக்கிவிடுவாரோ என்று அவரை அனுப்பிய சங்கத்தார் கவலைப்பட்டனர். அவரோ அங்கிருந்தபடியே வங்கமொழி பயின்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்துவந்தார். 1800-இல் செராம்பூரில் அவருடன் சேர்ந்தவர்களுள் வார்டு அச்சுத் தொழில் அறிந்தவர். மார்ஷ்மன் பள்ளி ஆசிரியர். 1801 முதல் ஏறத்தாழ 30 ஆண்டுகள் கேரி வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மொழிகள் கற்பித்தார். அந்த ஊதியத்தின் பெரும்பகுதி மிஷனின் பொது நிதிக்கே சென்றது. அவருடைய நாளில் ஊழியம் எங்கே முடிந்தது, வேலை எங்கே தொடங்கியது என்று கோடு கிழிப்பது எளிதன்று.

அதனால் எவரும் எதையும் துறக்க வேண்டியதில்லை என்று பொருளாகாது. சபையை மேய்க்கவும், நோயுற்றோரிடமும் துயருற்றோரிடமும் எந்நேரமும் சென்று நிற்கவும், பிற கடமைகளிலிருந்து விடுபட்டவர்கள் தேவை. அது ஒரு தனி அழைப்பு. ஆனால் உயர்ந்த சாதி அன்று.

ஏமாற்றம் இரு பக்கமும் காத்திருக்கிறது. வேலையை விட்டவன் புகழைத் தேடினால், அவனது முழுநேரமும் தனக்கே ஆகிவிடுகிறது. வேலையில் இருப்பவன் 'தொழிலே தெய்வம்' என்று சொல்லிக்கொண்டு பேராசையை வளர்த்தால், அந்தச் சொல் வெறும் திரையாகிவிடுகிறது. ஆகவே, எத்தனை மணி நேரம் என்று எண்ணுவதால் விடை கிடைக்காது. ஊதியம் எங்கே செல்கிறது, கணக்கு நேர்மையாக உள்ளதா, எதிரில் நிற்கும் எளியவன் மரியாதையுடன் நடத்தப்படுகிறானா என்று ஆராய வேண்டும்.

தராசின் முன் அமர்ந்திருப்பவனும் பீடத்தின் முன் நிற்பவனும் ஒரே எஜமானனுக்குத்தான் கணக்குக் கொடுக்க வேண்டும். இதை இடைவிடாது நினைவில் வைத்திருப்பவன் எங்கிருந்தாலும் முழுநேர ஊழியனே.