கைதட்டும் கையும் காகிதக் குவளையும்

கலை மனிதனைப் பண்படுத்தும் என்பர். மேடைமீது ஒருவன் படும் துயர் கண்டு கண்ணீர் விடுபவன், வீதியில் ஒருவன் படும் துயர் கண்டும் உருகுவான் என்பது அவர்தம் வாதம். உண்மைதானா? இலண்டன் மாநகரில், தேம்ஸ் ஆற்றங்கரையில், மழையில் நனைந்தபடி நின்ற ஒரு மாலைப்பொழுதில் இந்த ஐயம் நம்மைப் பற்றிக்கொண்டது.

அங்கு வாழும் நண்பரைக் காணச் சென்றிருந்தோம். அவிநாசிக்கு அருகே, நமது ஊர்க்காரர். ஒரே பள்ளியில் பயின்றவர். அவர் நம்மைக் குளோப் நாடக அரங்குக்கு அழைத்துச் சென்றார். ஷேக்ஸ்பியரின் குழுவினர் 1599இல் எழுப்பிய அரங்கின் சாயலில் கட்டப்பட்டு, 1997இல் திறக்கப்பட்டது அது. மேடைக்கும் மாடங்களுக்கும் கூரை உண்டு; நடு முற்றத்துக்கு இல்லை. முற்றத்தில் நிற்போருக்கே மிகக் குறைந்த கட்டணம். அந்நாளில் ஒரு பென்னி. குடை விரிக்கலாகாது, உட்காரலாகாது. ஆயினும் மேடைக்கு மிக அருகில் நிற்பவர் அவர்களே! அன்று லியர் மன்னன் நாடகம். முடியிழந்து புயலில் அலையும் மன்னன், கூரையற்ற ஏழைகளை அப்போதுதான் எண்ணிப் பார்க்கிறான். ஆண்டபோது எண்ணாதவன், நனைந்தபோது எண்ணுகிறான்.

இடைவேளையில் நண்பர் மெல்லச் சொன்னார்: "எங்க அப்பாரு இதையப் பாத்திருக்கோணும்."

அவருடைய பாட்டனார் உடுக்கடித்து அண்ணன்மார் கதை பாடியவர். படுகளத்தில் பொன்னரும் சங்கரும் மாண்டுகிடக்க, தங்கை தங்காள் கதறும் கட்டத்தை அவர் பாடும் இரவில் ஊரே அழும். நமது வீட்டாரும் அழுதனர். சிறுவராயிருந்த நாமும் அழுதோம். பொழுது விடிந்தது. ஊரை அழவைத்த அந்த முதியவர் நமது வீட்டுப் புறக்கடையில் வந்து நின்றார். அவருக்குக் காப்பி ஊற்றப்பட்டது, கொட்டாங்குச்சியில்! எட்ட நின்று, எச்சரிக்கையாய், உயரத் தூக்கி ஊற்றினர். இரவு சிந்திய கண்ணீர் கன்னத்தில் காயுமுன்னே இந்தக் காட்சி. கலை யாரைப் பண்படுத்திற்று, தோழர்களே?

மேல்நாட்டில் மட்டும் என்ன வாழ்ந்ததாம் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். பிரபுக்களின் ஆதரவு பெறாத நடிகரைப் போக்கிரிகளோடும் நாடோடிகளோடும் ஒரே பட்டியலில் சேர்த்தது 1572ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டம். பாரிசு நகரையே சிரிக்கவைத்த மோலியர் 1673இல் மறைந்தபோது, நடிகன் என்பதால் நல்லடக்கம் மறுத்தது திருச்சபை; மன்னன் தலையிட்டபின் இரவோடு இரவாகப் புதைத்தனர். எனினும் காலம் மாறிற்று. 1895இல் நடிகர் ஹென்றி இர்விங்குக்கு 'சர்' பட்டம் அளித்தது அரசு. அங்கே இழிவு தொழிலைப் பற்றியிருந்தது. தொழில் உயர, இழிவு உதிர்ந்தது.

இங்கும் 'கூத்தாடி' என்பது வசைச்சொல்லாகத்தான் இருந்தது. அந்த வசையைக் கேட்ட உலகிலிருந்து வந்த எம்.ஜி.ஆர். 1977இல் முதலமைச்சரானார். ஆகவே தொழிலின் இழிவு நம் நாட்டிலும் தொலைந்தது. பிறப்பின்மீது சுமத்திய இழிவு தொலைந்ததா? நமது நண்பர் உடுக்கையைத் தொட்டவரே அல்லர். கணிப்பொறித் துறையில் பணி. பாட்டனாரின் கலை அவரிடம் வரவில்லை. பாட்டனாரின் கொட்டாங்குச்சி மட்டும் வந்து சேர்ந்தது, வேறு வடிவத்தில்!

இரண்டாண்டுகளுக்கு முன் ஊருக்கு வந்தவர் நமது இல்லம் வந்தார். திண்ணையில் அல்ல, கூடத்திலேயே அமரவைத்தோம். அதில் நமக்குப் பெருமைகூட. நமது அத்தை காப்பி கொண்டுவந்தார். நமக்கு வெள்ளித் தம்ளர். அவருக்குக் காகிதக் குவளை. "கழுவுற வேலை மிச்சம் பாருங்க" என்று சிரித்தார் அத்தை. தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தது. அது காகிதக் குவளையை அறியாது. நாம் அறிவோம். மேடைதோறும் பகுத்தறிவு பேசிய நாவு, அந்தக் கூடத்தில் அசையவில்லை. நண்பர் காப்பியைக் குடித்தார். குவளையைத் தாமே எடுத்துச்சென்று வெளியே போட்டார்.

நாடகம் முடிந்தது. தோளோடு தோள் நின்ற முற்றத்தார் நெடுநேரம் கைதட்டினர். நண்பரும் தட்டினார், முகத்தில் மழைநீர் வழிய. வெளியே வருகையில், "தை மாசம் ஊருக்கு வர்றேன், உங்க வீட்டுக்கு வரலாமுங்களா?" என்றார். பள்ளியில் 'வாடா, போடா' என்றவர், எப்போதிருந்து இந்த 'உங்க'வுக்கு மாறினார்? நாம் கவனித்ததே இல்லை.

"கட்டாயம் வா" என்றோம். அத்தையிடம் பேசவேண்டியிருக்கிறது. தைக்கு இன்னும் ஐந்து திங்கள் உள்ளன.